ஈரலில் தெரிந்த வேர்

1

என் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இன்றோடு ஒரு வருடம். இங்கே லெஸ்டரில் காலையிலிருந்து தூறல். ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து யோசித்ததை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஊரில் இதை வாசிக்கிற சிலர் என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கதை இதுதான். கண்டிப் பக்கத்துத் திகனயிலிருந்து இங்கிலாந்து போனவன் அங்கே குடித்துப் பழகினான். தொழுகை ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம். அதனால்தான் ஈரலில் புற்றுநோய் வந்தது.

நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடிக்கிறவனும் இதைத்தானே சொல்வான்.

முதன்முதலாக இந்தக் கேள்வியைக் கேட்டவள் இங்குள்ள ஒரு தாதி. நோய் கண்டுபிடித்த புதிதில், கணினியைப் பார்த்துக்கொண்டே வாரத்துக்கு எவ்வளவு மது என்று கேட்டாள். அந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் என் மகள் ஸஹ்ரா மொழிபெயர்க்கக் கூட வந்திருந்தாள். அவள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லமாகக் கேட்டாள்:

"வாப்பா, நீங்க குடிக்கிறதா? சொன்னா பரவால்ல. உம்மாக்குச் சொல்ல மாட்டன்."

"இல்ல மகள்."

அவள் தாதியிடம் நீளமாக ஏதோ சொன்னாள். 'இல்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் என்ன என்று வழி முழுக்க யோசித்தேன். பஸ்ஸில் அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

2

நான் சந்தேகக்காரன். அதை மறைக்கவில்லை. கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் மாமாவின் பலசரக்குக் கடையில் வேலை பழகியபோதே அப்படித்தான். மிளகைக் கையில் அள்ளினால் பப்பாசி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டேன். மாமா சிரிப்பார். "இவன் கலியாண வீட்டுச் சோத்தையும் கிளறிப் பாத்துத்தான் தின்னுவான்" என்பார்.

இங்கே வந்தபிறகு அது முற்றியது. குழாய்த் தண்ணீரை நம்பமாட்டேன், கொதிக்க வைத்து, ஆறவைத்து, மறுபடி வடித்துத்தான் குடிப்பேன். பிஸ்கட் வாங்கினால் பொதியில் உள்ள பொடி எழுத்து முழுவதையும் ஸஹ்ரா வாசித்துக் காட்ட வேண்டும். சின்ன வயதில் அவள் கடை நடுவில் நின்று, சின்னக் குரலில், அந்த ரசாயனப் பெயர்களையெல்லாம் எனக்காக எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பெரியவளானதும் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "வாப்பா, அதுல ஒண்ணும் இல்ல" என்று பார்க்காமலே சொல்வாள். பார்க்காமல் எப்படித் தெரியும்?

நான் வேலை செய்த இடம் மரக்கறி பொதி செய்கிற பெரிய குளிர்க் கொட்டில். அங்கே மற்றவர்கள் கைகூடக் கழுவாமல் கரட்டைக் கடித்துத் தின்பார்கள். நான் தொடவே மாட்டேன். அதில் என்ன அடித்திருக்கிறார்களோ.

இத்தனை பயத்துக்கும் எனக்கு ஒரு மாற்று இருந்தது. ஊர்க் கசாயம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நோன்பு முடிந்து, பெருநாள் கழிந்து, ஆறு நோன்பும் பிடித்து முடித்தபிறகு, வயிறும் ஈரலும் சுத்தமாக வேண்டும் என்று சில நாட்கள் எல்லோரும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கசப்புக் கசாயம் குடிப்போம். உம்மா மௌத்தானபிறகு அதை விடாமல் நடத்துவது என் ராத்தா, என் மூத்த சகோதரி. தூள் எடுப்பது அம்பிட்டியவில் உள்ள ஒரு சிங்கள நாட்டு வைத்தியரிடம். எல்லோரும் அவரை வெதமாத்தயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஊரிலிருந்து யார் இந்தப் பக்கம் வந்தாலும் ராத்தா அவர்கள் பெட்டியில் எனக்கு ஒரு பால்மா டின் திணித்துவிடுவார். உள்ளே அந்தத் தூள். நான் அதைச் சில நாட்களோடு நிறுத்தவில்லை. இந்த நாட்டுச் சாப்பாட்டில் என்னென்ன நஞ்சு இருக்கிறதோ, எல்லாவற்றையும் இது கழுவிவிடும் என்று ஒவ்வொரு காலையும் காய்ச்சிக் குடித்தேன். என் மனைவி நிஸ்மியாவுக்கு அந்த வாடையே பிடிக்காது. "தார் காச்சிற மாதிரி ஈக்குது" என்று குசினி ஜன்னலைத் திறந்துவிடுவாள். ஸஹ்ரா மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடிவிடுவாள்.

டின் சீக்கிரம் முடியும். ராத்தாவிடம் தொலைபேசியில் இன்னும் கேட்பேன்.

"இவ்வளவும் என்னத்துக்கு தம்பி?" என்பார்.

"தேவ ஈக்குது ராத்தா. அனுப்புங்களே."

அந்தப் பக்கம் குரல் தாழும். பிறகு "சரி, அனுப்புறன்" என்பார். குழாய்த் தண்ணீருக்குப் பயந்து குடிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் ஒருநாளும் காரணம் சொல்லவில்லை.

3

நோய் வந்தது எப்படித் தெரிந்தது, எப்படி வெட்டினார்கள் என்பதையெல்லாம் விடுகிறேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். அதில் தொடங்கியது. வெட்டியபிறகு டொக்டர் அம்மா வந்து ஒன்று சொன்னார். கட்டி இருந்த இடம் போக என் மற்ற ஈரல் நன்றாக இருந்ததாம். தழும்பில்லை, கொழுப்பில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியும் இல்லை. "இந்த ஈரலில் இந்தக் கட்டி ஏன் வந்தது என்று எங்களுக்கே விளங்கவில்லை" என்றார்.

அவருக்கு விளங்கவில்லை. ஊருக்கு விளங்கிவிட்டது. நான் தையலோடு படுத்திருக்கும்போதே குடும்பத்து வாட்ஸ்அப்பில் மச்சான் முறையான ஒருவர் குரல் பதிவு ஒன்று போட்டார். வேறொருவருக்கு அனுப்ப வேண்டியது தவறி அங்கே விழுந்துவிட்டது. "அவன்ட விசயம் எங்களுக்கு முந்தியே தெரியும் தானே. அந்த நாட்டுல போனா எல்லாரும் அப்பிடித்தான். பாவம், பிள்ளக்கி ஒரு கலியாணப் பேச்சு வார வயசுல." உடனே அழித்துவிட்டார். ஆனால் நான் கேட்டுவிட்டேன். நிஸ்மியாவும் கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த விதம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

'முந்தியே தெரியும்' என்றாரே, அதுதான் என்னைக் குடைந்தது. நடக்காத ஒன்று முந்தியே எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்?

அந்த வாரத்தில்தான் டொக்டர் அம்மா ஒரு ஆராய்ச்சிக்கு என்னைக் கேட்டார். வெட்டி எடுத்த கட்டியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்ப்பார்களாம். என் இரத்தத்தையும் வாசித்து இரண்டையும் ஒப்பிட்டால் கட்டியில் எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று தெரியுமாம்.

எனக்கு ஒரே பயம். கேள்விகளை ஸஹ்ராவிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன்.

"பொலிசுக்குக் குடுப்பாங்களா?"

"இல்லையாம் வாப்பா."

"விசா ஒபிசுக்கு?"

"நமக்கு இந்த நாட்டு பாஸ்போர்ட் ஈக்குது வாப்பா."

"எடுத்தா எடுத்துட்டுப் போவானுகள். கேளு."

அவள் கேட்டாள். டொக்டர் அம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. கடைசியில் நானே என் ஆங்கிலத்தில் கேட்டேன்: "இது, நான் குடிக்கவில்லை என்று சொல்லுமா?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். கடைக் களஞ்சியத்தில் சாக்கு ஓட்டையைப் பார்த்தால் எலி கடித்ததா, வண்டு துளைத்ததா, ஈரம் பட்டு இற்றதா என்று எனக்குத் தெரியும். எலி சாக்கை நாராகக் கிழிக்கும். வண்டு பொட்டுப் பொட்டாகத் துளைக்கும். அதுபோல, உடம்பில் படுகிற ஒவ்வொரு கெடுதலும் மரபணுவில் தன் பாட்டுக்கு ஒரு விதமாக எழுத்துகளை மாற்றுமாம். வெயில் ஒரு விதம். சிகரெட் புகை ஒரு விதம். ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால் சிலவேளை யார் கடித்தது என்று தெரியும். சிலவேளை தெரியாது. "நீங்கள் குடிக்கவில்லை என்று இது சாட்சி சொல்லாது. ஆனால் வேறு ஏதாவது இருந்தால் காட்டலாம்" என்றார்.

எனக்குக் கடைசி வசனம் போதுமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வேறொரு கள்ளனைக் காட்டினால் என் பெயர் தப்பும்.

4

மறந்தே போன பிறகு கூப்பிட்டார்கள். டொக்டர் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு இளம் டொக்டரும் இருந்தார். முகங்களைப் பார்த்ததும் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அது இல்லை.

கணினியில் ஒரு படம் காட்டினார்கள். நிறம் நிறமாகக் கோடுகள். ஒரு இடத்தில் மட்டும் கோடுகள் உயரமாக எழுந்து நின்றன. குறிப்பிட்ட ஒரு எழுத்து இருந்த இடங்களிலெல்லாம் வேறொரு எழுத்து வந்திருந்ததாம், திரும்பத் திரும்ப, ஒரே மாதிரி. இப்படிக் கடிப்பது எது என்று அவர்களுக்குத் தெரியும் என்றார்கள். ஒரு குடும்பத்தைச் சேர்ந்த செடிகள். அவற்றின் வேரிலும் இலையிலும் உள்ள ஒரு அமிலம். ஆசியாவில் பல நாடுகளில் மருந்தாகச் சேர்க்கிறார்கள், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றார்கள்.

"மூலிகை மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?"

"இல்லை" என்றேன்.

இந்தக் கேள்வியை அவர்கள் முன்பும் கேட்டிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் இல்லை. மருந்து என்றால் நோய், வருத்தம் வந்தால் குடிப்பது. எனக்குத்தான் வருத்தமே இருக்கவில்லையே. ராத்தாவின் கசாயம் எங்கள் வீட்டு வழக்கம். தேத்தண்ணீரை யாராவது மருந்து என்று சொல்வார்களா? ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமும் உடம்பு தேற வேண்டும் என்று நிஸ்மியாவைக் கொண்டு அதைத்தான் காய்ச்சிக் குடித்தேன்.

இளம் டொக்டர் திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் இல்லை என்றேன்.

ஸஹ்ரா என் பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, அப்ப அந்தக் கறுத்தத் தண்ணி?"

அவளுக்குக் கசாயம் என்ற சொல் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமி அனுப்புகிற கறுத்தத் தண்ணி. அவ்வளவுதான் அவளுக்கு அது. எங்களை விட்டுத் தூரப் போய்விட்டாள், எங்கள் வீட்டு விசயம் எதையும் கவனிப்பதில்லை என்று நான் நினைத்த பிள்ளை, எத்தனை வருடமாக அந்த வாடையைக் கவனித்திருக்கிறாள்.

அவர்கள் மூவரும் வேகமாக ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. குழாய்த் தண்ணீர், கரட், பிஸ்கட் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ராத்தாவின் டின்னை ஒருநாளும் கிளறிப் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்த தூளைப் பரிசோதிக்கக் கொடுத்தோம், அதிலும் அந்த அமிலம் இருந்தது. டொக்டர் அம்மா அந்தச் செடிக் குடும்பத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, ஒரு விசயத்தை அழுத்திச் சொன்னார்: "ஊரில் இதை யார் குடித்தாலும் உடனே நிறுத்த வேண்டும். சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள்."

5

தொலைபேசியில் சொல்லலாம் என்று நிஸ்மியா சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அதற்குள் என் மனம் வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

வாப்பா விட்டுப்போன வீட்டில்தான் ராத்தா இருக்கிறார். அதில் எனக்கும் பங்கு உண்டு. நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. ஆனால் நான் இல்லாமல் போனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத. ஆனால் அப்படி நினைத்தேன். விமானத்தில் போகும்போது முழு நேரமும் அதைத்தான் நினைத்தேன். ஸஹ்ரா பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தாள். அவள்தான் என்னோடு வருவேன் என்று பிடிவாதமாக நின்றவள்.

கண்டி குட்ஸ்செட் பஸ் நிலையத்தில் திகன பஸ் ஏறினோம். ஸஹ்ராவுக்கு நடத்துனர் கத்துவதும், பஸ் புறப்பட்ட பிறகும் ஆட்கள் ஓடி வந்து தொங்குவதும் பயம். எனக்கு அவை எதுவும் கண்ணில் படவில்லை. ராத்தாவை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயம்.

ராத்தா வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்ன தம்பி, இப்பிடி மெலிஞ்சி போயீக்கிற."

"ஒண்ணுமில்ல ராத்தா. ஒபரேசன் செஞ்சா அப்பிடித்தான்."

"வா, வா. இது யாரு, நம்மட குட்டியா? என்ன இவ, ஒசந்து போயீக்கிறா. கால்சட்டையோட வந்தீக்கிறா, பரவால்ல, வா."

ஸஹ்ரா சிரித்து நின்றாள். சோறு, ஈரப்பலாக்காய்க் கறி, கருவாடு. நான் நோட்டம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ராத்தா சாப்பிட்டதைத்தான் நானும் எடுத்தேன். அவர் அதைக் கண்டாரோ தெரியாது.

அடுத்த நாள் காலையில் குசினிக்குப் போனேன். அடுப்பில் கசாயத்துக்குத் தண்ணீர் கொதித்தது. சுவர்த் தட்டில் இரண்டு பால்மா டின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் மூடி சிவப்பு, மற்றது நீலம். ராத்தா சிவப்பு மூடியைத் திறந்து எனக்குத் தூள் அள்ளினார்.

"அது என்ன ராத்தா, ரெண்டு?"

"இது ஒனக்கு. அது வீட்டுக்கு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

ராத்தா கரண்டியைக் கழுவினார். கழுவிய கரண்டியை மறுபடி கழுவினார்.

எனக்கென்று வேறு டின். அதுவும் இன்றைக்கு நேற்று இல்லை, மூடியில் துரு ஏறியிருந்தது. கோப்பையை வாங்கி, சூடு ஆறட்டும் என்று சொல்லி, பின்பக்கம் போய் வாழையடியில் ஊற்றினேன். திரும்பினால் ஸஹ்ரா நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"வாப்பா, மாமிட்டயே கேக்கலாமே."

"கேட்டா சொல்லுவாவா?"

"எனக்குத் தெரியா. ஆனா நீங்க கேக்கவே இல்ல."

நான் ராத்தாவிடம் கேட்கவில்லை. கண்டியில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் குளிக்கப் போன நேரம் இரண்டு டின்னிலிருந்தும் கொஞ்சம் தூள் எடுத்துக்கொண்டு ஸஹ்ராவோடு இறங்கினேன்.

6

அம்பிட்டியவுக்கு த்ரீவீலில் ஏறிப் போனோம். சரிவான ஒழுங்கை, வளைந்து வளைந்து மேலே. வெதமாத்தயாவின் வீட்டு முன்னறைதான் மருந்துக்கடை. சுவர் முழுக்க மர இழுப்பறைகள், நடுவில் ஒரு தராசு. அவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் கண்ணாடி போடாமலே என்னைப் பார்த்து அடையாளம் பிடித்தார். எங்கள் வீட்டாரோடு பழகிய தமிழ் அவருக்கு இருந்தது.

"ஆ, இங்கிலந்த மல்லி. வாங்க, இருங்க. அக்கா சொன்னது, உடம்பு சொகமில்லே எண்டு."

மல்லி என்றால் தம்பி. நான் இரண்டு பொட்டலங்களையும் மேசையில் வைத்தேன். "இதில என்ன ஈக்குது, மாத்தயா? ரெண்டும் ஏன் வேற வேற?"

அவர் இரண்டையும் முகர்ந்தார். ஒன்றைத் தள்ளினார். "இது வீட்டு சாமான். எல்லாரும் குடிக்கலாம்." மற்றதை விரலில் தொட்டார். ஸஹ்ராவைப் பார்த்துத் தயங்கினார். பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இது உங்களுக்கு ஸ்பெசல். அக்கா அழுதழுது சொன்னது தானே, மல்லி அங்கே அரக்கு, சாராயம் குடிக்கிறது, மறைச்சி குடிக்கிறது, அதுக்குத்தான் கசாயம் கேட்டு கேட்டு வாங்கிறது எண்டு. நான் சொன்னேன், அழ வேணாம், குடிக்கிற ஆளுக்கு ஈரல் கழுவ வேர் கூட்டிப் போடணும். அதான் போட்டது. வெட்கம் வேணாம், மல்லி. நெறைய ஆள் வாறது அதுக்கு."

ஸஹ்ராதான் பேசினாள். அவளுடைய உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி:

"என் வாப்பா குடிக்கல்ல. ஒரு நாளும் இல்ல. அந்த வேர் எது?"

அவர் இழுப்பறையிலிருந்து மெல்லிய, முறுக்கிய வேர்த்துண்டு ஒன்றை எடுத்தார். சிங்களத்தில் சப்சந்த, தமிழ் ஆட்கள் பெருமருந்து என்பார்கள் என்றார். ஸஹ்ரா படம் எடுத்தாள். தொலைபேசியில் தேடினாள். பிறகு அதை என் முன்னால் நீட்டினாள். டொக்டர் அம்மா எழுதிக் கொடுத்த அதே செடிக் குடும்பத்தின் பெயர்.

அவள் வெதமாத்தயாவுக்கு விளக்கினாள். அவர் முதலில் கோபப்பட்டார். அப்பா காலத்துச் சாமான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். எல்லோரும் சில நாட்கள் குடித்தார்கள், வாப்பா வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் குடித்தார் என்று ஸஹ்ரா சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓ."

"குடிக்காத ஆள், ஏன் மல்லி ஒவ்வொரு நாளும்?"

நான் என்ன சொல்ல? பிஸ்கட்டுக்குப் பயந்து என்றா?

அவர் அந்த இழுப்பறையைச் சாத்தினார். "நானும் குடிக்கிறது" என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

7

திரும்பி வரும் வழியில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் இன்னும் அனுப்புங்கள் என்று கேட்கக் கேட்க, காரணம் சொல்லாமல் விட விட, ராத்தா தன் மனதில் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். அதை வெதமாத்தயாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். அங்கே காத்திருந்த யாரோ கேட்டிருக்கிறார்கள். 'முந்தியே தெரியும்' என்பது அங்கிருந்து வந்திருக்கிறது. வேரும் கதையும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்பட்டிருக்கின்றன. ராத்தாவின் அன்பிலிருந்து.

வீட்டுக்குப் போனதும் சிவப்பு மூடி டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். ராத்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். ஸஹ்ரா எல்லாவற்றையும் சொன்னாள், அவளுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் நான் சொன்னேன். கட்டியின் எழுத்து மாறியது, அந்தக் கோடுகள், வேர்.

ராத்தா அந்த டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான்தான்" என்றார்.

"இல்ல ராத்தா."

"நான்தான். கூட்டிப் போட வெச்ச நான்தான்." பிறகு அழாமல், கோபமாகக் கேட்டார்: "நீ எனக்குச் சொல்லீக்கலாமே, என்னத்துக்குக் கேக்குற எண்டு?"

"நீங்க என்னட்ட கேட்டீக்கலாமே, குடிக்கிறியா எண்டு."

"எப்பிடிக் கேக்குற? ஒரு ராத்தா தம்பிட்ட அத எப்பிடிக் கேக்குற?"

எனக்கு வாப்பாவின் வீட்டுப் பங்கு ஞாபகம் வந்தது. விமானத்தில் நினைத்ததெல்லாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஸஹ்ராதான் எழுந்து போய் மாமியின் தோளைப் பிடித்தாள். "மாமி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்கட கிட்னி பாக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மகள்."

"பாக்காம எப்பிடித் தெரியும்?" என்றாள் ஸஹ்ரா.

நான் சிரித்துவிட்டேன். அது என்னுடைய கேள்வி.

ராத்தா கண்டியில் இரத்தமும் சிறுநீரும் கொடுத்தார். நல்லபடியாக வந்தது. நீல மூடி டின்னில் அந்த வேர் கொஞ்சம்தான், அதுவும் வருடத்தில் சில நாட்கள்தான். என் சிறுநீரகம்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதற்கு இப்போது மாத்திரை. இரண்டு டின்களையும் ராத்தா தானே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். வெதமாத்தயா அந்த இழுப்பறையைக் காலி செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உண்மையா என்று தெரியாது.

நாங்கள் திரும்பிய பிறகு ராத்தா வீடு வீடாகப் போயிருக்கிறார். தம்பி குடிக்கவில்லை, நான்தான் பிழையாக நினைத்தேன், டொக்டர்மார் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னாராம். சனங்கள் தலையை ஆட்டிவிட்டு, "பாவம், தம்பியக் காப்பாத்தப் பாக்குறா" என்றார்களாம். அதை அவரே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்ய. பிறகு அவர் குரல் மாறியது.

"தம்பி, கோவிக்காத. ஒரேயொரு தரம் சொல்லு. உண்மையா நீ குடிக்கவே இல்லையா?"

"இல்ல ராத்தா."

"சரி" என்றார். "நான் சும்மா கேட்ட."

இன்று காலை ஸ்கேனுக்கு முன் ஒரு புதிய தாதி வந்தாள். பெயர், பிறந்த திகதி, விலாசம். எத்தனை தடவை சொன்னாலும் இவர்களுக்கு நான் நான்தானா என்று சந்தேகம், அதில் எனக்குக் குறையில்லை. பிறகு மூலிகை மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டாள். முன்பு எடுத்தேன், இப்போது இல்லை என்று நானே சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. வாரத்துக்கு எவ்வளவு மது?

நான் வாயைத் திறக்குமுன் ஸஹ்ரா சொன்னாள். ஒரே ஒரு சொல். என் பக்கம் திரும்பவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. தாதி எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நம்பித்தான் சொன்னாளா, கேட்டுக் கேட்டு அலுத்துச் சொன்னாளா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் காதில் மாட்டியிருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி, என்ன வாப்பா என்பதுபோல் பார்த்தாள்.

ஒன்றுமில்லை என்று கையால் காட்டினேன். கேட்காமல் விட்டேன்.